அஞ்சறைப் பெட்டி மஞ்சளும் டப்பா மஞ்சளும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் குழுக்களின் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் கூட்டமைப்பின் சார்பில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கணக்கு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இப்போது நம் எல்லோர் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போகிறோம். மஞ்சள் தூள். "மஞ்சளைப் பத்தி எங்களுக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் இதைப் பேச இரண்டு காரணம் இருக்கிறது.

ஒன்று, ஊருக்குள் டப்பா வியாபாரம் வந்துவிட்டது. "ஆயுர்வேத மஞ்சள் மாத்திரை, சர்க்கரை போகும், மூட்டு வலி போகும், புற்றுநோய் வராது" என்று சொல்லி விற்கிறார்கள். பத்து பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்றும் சொல்கிறார்கள். குழுவில் உள்கடன் எடுத்து இதை வாங்கலாமா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். இரண்டு, சில குழுக்கள் நாமே மஞ்சள் தூள் அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கலாமா என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

பாட்டி சொன்னது பொய்யில்லை

முதலில் நம் மஞ்சளின் பெருமையைப் பேசிவிடுவோம். ஆயுர்வேதத்தில் மஞ்சளுக்கு ஹரித்ரா என்று பெயர். மஞ்சளையும் நெல்லிக்காயையும் சேர்த்த நிசாமலகி என்ற மருந்தை சர்க்கரை நோய்க்கும், ஹரித்ரா கண்டம் என்ற மருந்தை அரிப்பு, தடிப்புக்கும் ஆயுர்வேத மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். சித்த மருத்துவத்திலும் மஞ்சளுக்கு இடம் உண்டு. சளி பிடித்தால் விரலி மஞ்சளைச் சுட்டுப் புகையை முகர்வது, தொண்டை கட்டினால் பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் குடிப்பது, சின்னச் சிராய்ப்புக்கு மஞ்சள் பத்து போடுவது என்று நம் வீடுகளில் செய்வது எல்லாம் பழைய அனுபவம்.

இந்த அனுபவத்துக்காக ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 1995ஆம் வருடம், அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்களுக்கு மஞ்சளுக்காக ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். எதற்கு? காயத்தை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு! அதாவது நம் பாட்டி காலங்காலமாகச் செய்ததைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் சும்மா விடவில்லை. டாக்டர் மஷேல்கர் அதன் தலைவராக இருந்தபோது, 1996ல் அந்தக் காப்புரிமையை எதிர்த்து மனு போட்டார்கள். பழைய சமஸ்கிருத நூல்கள், 1953ல் இந்திய மருத்துவ சங்க இதழில் வந்த கட்டுரை என்று 32 ஆதாரங்களை எடுத்து வைத்தார்கள். 1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்தானது. அதற்குப் பிறகுதான் 2001ல் நம் பாரம்பரிய மருத்துவ அறிவை எல்லாம் கணினியில் பதிவு செய்து வைக்கும் வேலையை அரசாங்கம் ஆரம்பித்தது.

இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வழக்கில் ஜெயித்தது "மஞ்சளை இப்படிப் பயன்படுத்துவது இந்தியாவில் பழைய பழக்கம்" என்பது. மஞ்சள் எல்லா நோயையும் தீர்க்கும் என்று அங்கே யாரும் நிரூபிக்கவில்லை. டப்பா விற்க வருபவர்கள் பாட்டியின் பெருமையைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். முடிவில் நீட்டுவது பாட்டி கொடுத்த பொருள் இல்லை. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மாத்திரையில் எத்தனை ஸ்பூன்?

நாம் கணக்கு எழுதிப் பழகியவர்கள். அதனால் இதையும் கணக்காகவே பார்க்கலாம்.

மஞ்சளுக்கு நிறத்தையும் மருந்துக் குணத்தையும் கொடுக்கும் முக்கியமான பொருளின் பெயர் குர்குமின். நல்ல மஞ்சள் தூளில் இது ஏறக்குறைய 3 சதவீதம் இருக்கும். ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் சுமார் 90 மில்லி கிராம்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் குழம்புக்கு அரை டீஸ்பூன் போடுகிறோம் என்று வையுங்கள். ஒருவர் தட்டுக்கு வருவது சுமார் 9 மில்லி கிராம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சேர்த்தாலும் 30 மில்லி கிராம் தாண்டாது. பல நூறு வருடமாக நம் உடம்புக்குப் பழகிய அளவு இதுதான்.

கடையில் விற்கும் குர்குமின் மாத்திரை பலவற்றில் ஒன்றிலேயே 500 மில்லி கிராம் சாறு இருக்கும். ஐந்து ஸ்பூனுக்கு மேல் மஞ்சள் தூளை ஒரே வாயில் போட்டுக்கொள்வதற்குச் சமம். காலை ஒன்று, மாலை ஒன்று என்றால் பத்து ஸ்பூன்! எந்தப் பாட்டி நமக்குத் தினமும் பத்து ஸ்பூன் மஞ்சள் கொடுத்தார்?

உணவில் சேரும் குர்குமினுக்கு உலக அளவில் நிபுணர் குழு ஒரு வரம்பு சொல்லியிருக்கிறது. உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லி கிராம். 50 கிலோ எடை உள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி கிராம். நம் சமையல் இந்த வரம்புக்குள் வசதியாக நிற்கிறது. அந்த மாத்திரை ஒன்றே மூன்று மடங்கு தாண்டிவிடுகிறது.

இன்னொரு விஷயம். மஞ்சளை வெறுமனே சாப்பிட்டால் குர்குமின் உடம்பில் அதிகம் ஒட்டாது, பெரும்பாலும் வெளியே போய்விடும். மிளகு சேர்ந்தால் ஒட்டும். 1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இதை ஆராய்ந்தார்கள். மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளை 20 மில்லி கிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் அளவு 20 மடங்கு கூடியது. நம் முன்னோர் பாலில் மஞ்சளோடு மிளகு போட்டதில் அர்த்தம் இருக்கிறது பாருங்கள். ஆனால் இதே வித்தையை மாத்திரைக்காரர்களும் செய்கிறார்கள். அதிக அளவு குர்குமின், அதோடு பைப்பரின். அப்போது உடம்பில் ஏறும் அளவு எங்கேயோ போய்விடுகிறது.

அப்படி ஏறினால் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு எச்சரிக்கை விட்டது. மஞ்சள், குர்குமின் மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 18 புகார்கள் வந்திருந்தன. சமையலில் சாதாரணமாகப் போடும் மஞ்சளால் இந்த ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். இத்தாலியிலும் 2019ல் இதே மாதிரி நடந்து அரசு எச்சரித்தது. எல்லோருக்கும் வராது, சிலருக்குத்தான் வரும். அந்தச் சிலரில் நாம் இருக்கிறோமா என்று மாத்திரை விழுங்கும் முன் யாருக்கும் தெரியாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

யார் யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

சமையல் மஞ்சள் எல்லோருக்கும் சரி. மாத்திரை, கேப்சூல், ஸ்பூன் ஸ்பூனாகத் தூள் என்று வரும்போது கீழே சொல்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

1. கர்ப்பிணிகள்.

2. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் இதில் அடக்கம்.

3. பித்தப்பையில் கல் உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள்.

4. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

5. ரத்த சோகை உள்ளவர்கள். அதிக அளவு குர்குமின் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். ஏற்கனவே நம் பெண்களில் பலருக்கு ரத்தம் குறைவு. அதற்காக இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் இதையும் விழுங்கினால் என்ன பிரயோஜனம்?

ஏற்கனவே யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருந்தால், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் காபி நிறத்தில் போவது, பசி இல்லாமல் உடம்பு துவண்டு போவது, உடம்பெல்லாம் அரிப்பது என்று ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள். "நாட்டு மருந்துதானே, டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்" என்று மறைக்காதீர்கள். அதுதான் முதலில் சொல்ல வேண்டிய விஷயம்.

சகோதரிகளே, முக்கியமாக ஒன்று. மஞ்சளை நம்பி சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, காசநோய் மாத்திரை எதையும் நிறுத்தாதீர்கள். முழங்கால் தேய்மான வலிக்கு குர்குமின் ஓரளவு பலன் தருகிறது என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மை. அதைக்கூட மருத்துவர் பார்த்து அளவு சொல்லித்தான் சாப்பிட வேண்டும். ஆயுர்வேதமோ சித்தாவோ வேண்டும் என்று விரும்பினால் படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவரிடம் போங்கள். நம் புதுச்சேரி மாநிலத்திலேயே மாஹேயில் ராஜீவ் காந்தி ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை வருடம் படித்துவிட்டு வருகிறவர்கள் நாடி பார்த்து, வயது பார்த்து, என்ன மாத்திரை ஏற்கனவே சாப்பிடுகிறோம் என்று கேட்டுத்தான் மருந்து தருவார்கள். பை நிறைய டப்பாவோடு திண்ணையில் வந்து உட்காருகிறவர் எல்லோருக்கும் ஒரே டப்பாவைத்தான் தருவார்.

மஞ்சள் வைக்கக் கூடாத இடங்கள்

நம் ஊர்ப் பழக்கத்திலும் சிலவற்றை விட வேண்டும். இதைச் சொன்னால் மாமியார்களுக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

நாய் கடித்த இடத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க் கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

பிறந்த குழந்தையின் தொப்புள் கொடியில் மஞ்சள் பூசாதீர்கள். சுத்தமாக, ஈரமில்லாமல் விட்டாலே தானாக விழுந்துவிடும். ஆழமான வெட்டு, துருப்பிடித்த ஆணி குத்தியது, தீக்காயம் இவற்றுக்கும் தூளை அப்பாதீர்கள். டாக்டர் காயத்தைப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

கடையில் வாங்கும்போது பெயரையும் கவனியுங்கள். கஸ்தூரி மஞ்சள் வேறு, அது மேலுக்குப் பூச. மரமஞ்சள் என்பது ஒரு கொடியின் தண்டு, அது மஞ்சள் இனமே கிடையாது. குழம்புக்கு உரியது விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும்தான்.

பளபளப்பான மஞ்சளில் என்ன இருக்கிறது?

"சரி, மாத்திரை வேண்டாம், தூள் வாங்கிக்கிறோம்" என்றால், தூளிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் ஈயம்.

விரலி மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, தோல் போகத் தேய்த்து மெருகேற்றித்தான் சந்தைக்கு அனுப்புவார்கள். நிறம் மங்கிய மஞ்சளுக்கு விலை வராது. அதனால் சில இடங்களில் மெருகேற்றும்போது லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறச் சாயத்தைத் தூவுகிறார்கள். இது பெயின்டுக்குப் போடும் பொருள். ஈயம் கலந்தது.

பங்களாதேஷில் 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் போன மஞ்சளுக்கு இப்படிச் செய்ய ஆரம்பித்து, அது பழக்கமாகவே ஆகிவிட்டது. கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருக்கிறதே, எங்கிருந்து வருகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தாரும் அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களும் தேடிப் போனார்கள். பெயின்டில் இருக்குமோ, வயலில் இருக்குமோ என்று பார்த்து, கடைசியில் சமையலறை மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019ல் இது வெளியே வந்தது.

நம் நாட்டில் இல்லையா? 2020 டிசம்பரிலிருந்து 2021 மார்ச் வரை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் 356 மஞ்சள் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். 100க்கு 14 மாதிரியில் ஈயம் கவலைப்படும் அளவில் இருந்தது. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு கிலோ மஞ்சளில் ஈயம் 10 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பாட்னாவில் எடுத்த மஞ்சளில் 1000 மில்லி கிராமுக்கு மேல் இருந்தது. நூறு மடங்கு!

ஈயம் உடம்பில் போனால் உடனே வாந்தி, மயக்கம் என்று ஒன்றும் தெரியாது. அதுதான் மோசம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது, ரத்தம் குறையும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுக் குழந்தைக்கும் போகும். "பையன் மக்கு" என்று நாம் திட்டிக்கொண்டு இருப்போம். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று குழந்தைக்கு ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் நல்ல செய்தியும் உண்டு. பங்களாதேஷில் விஷயம் தெரிந்ததும் அரசு கலப்படம் செய்த மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. சந்தைகளில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். 2019ல் சந்தை மாதிரிகளில் 100க்கு 47ல் இருந்த ஈயம், 2021ல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருடம்! பளபளப்பைக் கேட்டு வாங்கினவர்கள் "இது வேணாம்" என்று சொன்னால் வியாபாரி மாறித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் செய்யும் சோதனை

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லித் தரும் எளிய சோதனை இரண்டு.

விரலி மஞ்சள்: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். நல்ல மஞ்சள் நிறம் விடாது. சாயம் பூசியது போட்டவுடனே தண்ணீரில் நிறம் இறங்கும்.

மஞ்சள் தூள்: டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போடுங்கள். நல்ல தூள் அடியில் இறங்கும்போது தண்ணீர் இளம் மஞ்சளாக இருக்கும். கலப்படத் தூள் என்றால் தண்ணீர் அடர்ந்த மஞ்சளாக மாறும்.

சிலர் சுண்ணாம்பு வைத்துப் பார்ப்பார்கள். ஆலாத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாகிறதே, அதே மாதிரி. அது மஞ்சள் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். கூடவே சாயம் இருக்கிறதா என்பதைக் காட்டாது. டம்ளர் சோதனையும் அதிகக் கலப்படத்தைத்தான் காட்டும். கொஞ்சமாக இருக்கும் ஈயம் ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும்.

அதனால் நாம் செய்யக்கூடிய சுலபமான வழி, தூளாக வாங்காமல் விரலியாக வாங்கி அரைப்பது. வாங்கும்போது ரொம்பப் பளபளக்கும் மஞ்சளைத் தேடாதீர்கள். உடைத்துப் பாருங்கள். மேலே எலுமிச்சம்பழ நிறத்தில் மின்னி, உள்ளே மங்கலாக இருந்தால் வேண்டாம். மேலே மங்கல், உள்ளே ஆரஞ்சு நிறம் என்றால் அது இயற்கை.

பொங்கலுக்குப் பானையில் கட்டும் மஞ்சள் கொத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதில் உள்ள கிழங்கை எடுத்து நிழலில் வைத்து, கோடை மழை பெய்ததும் கொல்லையில் மேட்டுப் பாத்தியில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். எட்டு ஒன்பது மாதத்தில் இலை காய்ந்து சாயும்போது தோண்டலாம். வீட்டுக்கு வேண்டியது வீட்டிலேயே கிடைக்கும்.

குழுவாகச் செய்யலாமா?

செய்யலாம். நல்ல தொழில். ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும்.

பச்சை மஞ்சள் வாங்கிப் பக்குவம் செய்வதென்றால், ஒரு மணி நேரம் போல வேகவைத்து, பத்து முதல் பதினைந்து நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். 5 கிலோ பச்சை மஞ்சளுக்கு 1 கிலோ காய்ந்த மஞ்சள்தான் தேறும். நம் பக்கம் நெல்லும் கரும்பும்தான் அதிகம், மஞ்சள் குறைவு. அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் காய்ந்த விரலி வாங்குவதே நல்லது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம்பகமான இடத்தில் மெருகேற்றாத மஞ்சளைக் கேட்டு வாங்குங்கள். பில் வாங்க மறக்காதீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. விலை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

20 கிலோ விரலி, கிலோ 200 ரூபாய்: 4,000. அரவைக் கூலி: 400. வண்டிச் செலவு: 300. சுத்தம் செய்து அரைத்ததில் 1 கிலோ சேதாரம் போக 19 கிலோ தூள், அதாவது 100 கிராம் பொட்டலம் 190. கவர் ஒன்று 2 ரூபாய்: 380. லேபிள் ஒன்று 1 ரூபாய்: 190. இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி: 800. மொத்தம் 6,070 ரூபாய். ஒரு பொட்டலத்துக்கு 32 ரூபாய் அடக்கம். 40 ரூபாய்க்கு விற்றால் 1,530 ரூபாய் நிற்கும். கடையில் கொடுத்தால் கமிஷன் இதில்தான் போகும்.

நம் கூலியைக் கணக்கில் எழுத வேண்டும், சகோதரிகளே. "நாங்களே செஞ்சோம், கூலி எதுக்கு" என்று விட்டால் லாபம் வருவது போலத் தெரியும். உண்மையில் நம் உழைப்பைச் சும்மா கொடுத்திருப்போம்.

அரைக்கும்போது: முதலில் மஞ்சளை நன்றாகக் காயவைத்து உடைத்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். மிளகாய் அரைத்த மில்லில் அப்படியே போடாமல் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தலையில் துணி, சுத்தமான கை. தூளை ஆறவைத்து அன்றைக்கே பொட்டலம் போடுங்கள். வெயில் பட்டால் நிறமும் குணமும் குறையும். வெளிச்சம் படாத, காற்றுப் புகாத டின்னில் வையுங்கள்.

சட்டம்: உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ன் படி சின்னத் தொழிலாக இருந்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், எடை, பேக் செய்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி எண், விலை, முகவரி, பதிவு எண் இருக்க வேண்டும்.

லேபிளில் எழுதக் கூடாததும் உண்டு. "சர்க்கரை நோய் தீரும்", "புற்றுநோய் வராது" என்று எழுதவே எழுதாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே சட்டம் வந்துவிட்டது. ஆயுர்வேத மருந்து என்று போட்டு விற்க வேண்டுமானால் மருந்துத் தயாரிப்பு உரிமம் வேண்டும். நாம் விற்பது சமையல் மஞ்சள் தூள். "கலப்படம் இல்லை, நாங்களே அரைத்தது" என்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை நம்பித்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் வாங்குவார்கள்.

ஆய்வுக்கூடச் சோதனைக்குச் செலவு ஆகும், தனிக் குழுவால் முடியாது என்று தோன்றலாம். பத்துக் குழு சேர்ந்து ஒரே இடத்தில், ஒரே லாட் மஞ்சளை வாங்குங்கள். ஒரு மாதிரி எடுத்து ஒரே சோதனை. செலவைப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு குரும்பாபேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், பதிவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையையும், மற்ற விவரங்களுக்கு உங்கள் வட்டார வளர்ச்சி அலுவலகத்தையும் கேளுங்கள். ஒருவராகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

அடுத்த கூட்டத்தில் எழுத வேண்டிய தீர்மானம்

பேச்சோடு விட்டுவிட்டால் வீட்டுக்குப் போனதும் மறந்துபோகும். அதனால் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த நான்கையும் பேசி, சம்மதம் இருந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

1. நோய் தீர்க்கும் டப்பா, மாத்திரை, பவுடர் வாங்கவோ அதில் ஏஜென்ட்டாகச் சேரவோ குழுப் பணத்தில் கடன் கொடுப்பதில்லை. அவசர மருத்துவச் செலவுக்குக் கடன் எப்போதும் போல உண்டு.

2. எந்த உறுப்பினரும் மருத்துவரைக் கேட்காமல் தன் மாத்திரையை நிறுத்துவதில்லை. நிறுத்தியிருப்பவர் தெரிந்தால் மற்றவர்கள் எடுத்துச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவது.

3. வீட்டுக்கு விரலி மஞ்சளாக வாங்கி, சோதித்து, சேர்ந்து அரைத்துக்கொள்வது. ஆளுக்கு ஒரு கிலோ என்றாலும் மில்லில் ஒரே நடையில் முடியும்.

4. தொழிலாகச் செய்ய விரும்பும் குழு, பதிவும் சோதனையும் முடித்த பிறகே விற்பது.

ஐம்பது ரூபாய், நூறு ரூபாயாகச் சேர்த்த பணம் நம்முடையது. யாரோ கமிஷன் சம்பாதிக்க அது போக வேண்டாம். குழம்பில் அரை ஸ்பூன் மஞ்சள், தொண்டை கட்டினால் ஒரு டம்ளர் மஞ்சள் பால், உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டர். இவ்வளவுதான் விஷயம்.

இதை உங்கள் குழுவில் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அம்மாக்கள், பாட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் கேளுங்கள், சேர்ந்து பேசுவோம்.